ஹார்ப்சிகார்டு இசையை உணர்ச்சியோடு வாசிப்பது எப்படி: கீபோர்டு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம் பக்கங்களில் கீபோர்டு பழகும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஞாயிறு ஆராதனையில் பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் வாசிக்கிற அதே கைகள்தாம் வார நாட்களில் பியானோ கிரேடு தேர்வுக்கும் தயாராகின்றன. தேர்வுப் பட்டியலில் பரோக் காலத்து (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை) உருப்படி ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும். அந்த உருப்படி எழுதப்பட்ட காலத்துக் கருவியில் எப்படிக் கேட்டிருக்கும் என்ற ஆவலில் கீபோர்டை, பியானோவுக்கு முந்தைய கட்டைக் கருவியான ஹார்ப்சிகார்டின் ஒலிக்கு மாற்றி வாசித்துப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பியானோ ஒலியில் ஏற்றமும் இறக்கமுமாக இருந்த வாசிப்பு அங்கே ஒரே மட்டத்தில் கடகடவென்று ஓடி முடிந்துவிடுகிறது. 'உணர்ச்சியே இல்லாத கருவி' என்று முடிவு கட்டிவிட்டுத் திரும்பவும் பியானோவுக்கே வந்துவிடுகிறார்கள்.

அந்த முடிவு தவறானது. விரலின் பலத்தால் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாத ஒரு கருவியில், ஒவ்வொரு சுரமும் எந்தக் கணத்தில் பிறக்கிறது, எந்தக் கணத்தில் அடங்குகிறது என்ற இரண்டு முடிவுகளில்தான் வாசிப்பவரின் உணர்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. இந்த இரண்டையும் காது கேட்டுப் பழகிக்கொண்டால், கருவி பேசத் தொடங்கும். அதைப் பழகும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். உண்மையான ஹார்ப்சிகார்டு நம் பக்கத்தில் கண்ணில் படுவதே அரிது என்பதால், வீட்டுக் கீபோர்டையோ டிஜிட்டல் பியானோவையோ மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கருவி எப்படி ஒலிக்கிறது

ஹார்ப்சிகார்டின் கட்டையை அழுத்தும்போது, அதன் மறுமுனையில் செங்குத்தாக நிற்கும் மெல்லிய மரச்சட்டம் ஒன்று மேலே எழும்புகிறது. அதற்கு ஜாக் என்று பெயர். அதில் பொருத்தப்பட்ட சிறு அலகு கம்பியை மீட்டிவிட்டுப் போகிறது. அந்தக் காலத்தில் பறவை இறகின் தண்டைச் சீவி அலகு செய்தார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். கட்டையை விட்டதும் ஜாக் கீழே விழுகிறது. அலகு பொருந்திய நாக்கு சற்றுப் பின்னால் மடங்கிக் கொடுப்பதால் கம்பி இரண்டாம் முறை மீட்டப்படுவதில்லை. ஜாக்கின் தலையில் உள்ள துணித்துண்டு கம்பியின் மேல் பட்டு ஒலியை அடக்குகிறது.

மீட்டப்படும் கம்பி என்ற வகையில் இது வீணைக்கு உறவுதான் என்றாலும், வீணையில் மீட்டிய பிறகு கம்பியை இழுத்துக் கமகம் கொடுக்கலாம், மீட்டும் விரலின் பலத்தையும் மாற்றலாம். ஹார்ப்சிகார்டில் மீட்டிய சுரத்துக்குப் பிறகு வாசிப்பவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: அதை எப்போது நிறுத்துவது என்று தீர்மானிப்பது. கட்டை விட்ட நொடியில் ஒலி நின்றுவிடுவதாலும், பியானோவில் உள்ளதுபோலப் பெடல் இல்லாததாலும், அந்தத் தீர்மானம் முழுக்க முழுக்க விரலின் பொறுப்பில் வந்து விழுகிறது.

கீபோர்டைத் தயார் செய்தல்

முதலில் டச் ரெஸ்பான்ஸ் வசதியை அணைத்துவிடுங்கள். பல கீபோர்டுகளில் ஹார்ப்சிகார்டு ஒலியைத் தேர்ந்தெடுத்த பின்பும் விரலின் வேகத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும். அது இருக்கும்வரை பியானோப் பழக்கம் போகாது. சஸ்டெயின் பெடலைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஆலயத்தில் வாசித்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் பாமாலை வாசிக்கும்போது ஒரு கார்ட்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) அடுத்த கார்ட்டுக்குப் போகும் இடைவெளிகளையெல்லாம் பெடல்தான் மூடிக்கொண்டிருக்கிறது. ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) அளவையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் சுரம் எங்கே முடிந்தது என்பது உங்கள் காதுக்கே தெரியாது.

சுருதியை டிரான்ஸ்போஸ் மூலம் அரைச் சுரம் இறக்கினால், இன்றைய பரோக் வாசிப்பாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் 415 ஹெர்ட்ஸ் நிலைக்கு வந்துவிடும். இது கட்டாயம் இல்லை, ஆனால் ஒலி சற்றுக் கனிந்து கேட்கும். அதைவிட முக்கியமானது சுருதிப் பகுப்பு, அதாவது பன்னிரண்டு சுரங்களின் இடைவெளிகளைப் பங்கிடும் முறை. டிஜிட்டல் பியானோக்கள் சிலவற்றில் மீன்டோன், வெர்க்மைஸ்டர், கிர்ன்பெர்கர் என்ற பெயர்களில் பழைய பகுப்பு முறைகள் உள்ளன. இன்றைய சமப் பகுப்பில் எந்த ஸ்கேலில் வாசித்தாலும் மேஜர் தேர்ட் இடைவெளி (சி-யிலிருந்து ஈ போன்றது) இயற்கையானதைவிட ஏறத்தாழ 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) அகன்றே இருக்கும். அதனால் எல்லா ஸ்கேலும் ஒரே குணத்தோடு ஒலிக்கும். வெர்க்மைஸ்டர் முறையில் சி மேஜர் அமைதியாகவும், எஃப் மைனர் போன்ற தூரத்து ஸ்கேல்கள் கரகரப்பாகவும் கேட்கும். இசையமைப்பாளர் துயரத்துக்கு ஏன் அந்த ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தார் என்று காதே சொல்லிக் கொடுத்துவிடும். உங்கள் கருவியில் இந்த வசதி இருந்தால் ஒருமுறையாவது ஒரே கார்ட்டை இரண்டு முறையிலும் வாசித்துக் கேளுங்கள்.

இன்னொரு சிறிய விஷயம்: மின்விசிறி ஓடும்போது இந்த நுணுக்கங்கள் எதுவும் கேட்காது. விசிறியை நிறுத்த முடியாத சித்திரை வைகாசியில் ஹெட்ஃபோன் போட்டுப் பழகுவது நல்லது.

உருப்படியின் உணர்ச்சியைக் கண்டுபிடித்தல்

பரோக் காலத்தவர்களுக்கு உணர்ச்சி என்பது வாசிப்பவரின் அன்றைய மனநிலை அன்று. உருப்படிக்குள் இருப்பதும், கேட்பவரிடம் எழுப்பப்பட வேண்டியதும் ஆகும். 1649இல் வெளிவந்த நூலில் டெகார்ட் என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் வியப்பு, அன்பு, வெறுப்பு, விருப்பம், மகிழ்ச்சி, துயரம் என்று ஆறு அடிப்படை உணர்ச்சிகளை வகுத்தார்; தொல்காப்பியத்தின் எண்வகை மெய்ப்பாட்டைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த வகைப்படுத்தும் மனப்பான்மை புதிதாக இருக்காது. ஜெர்மானிய இசை எழுத்தாளர் மாத்தெசோன் 1739இல் இதை இசைக்குப் பொருத்திக் காட்டினார்: மகிழ்ச்சி உள்ளத்தின் விரிவு, ஆகவே அகன்ற இடைவெளிகள் அதற்குப் பொருந்தும், துயரம் உள்ளத்தின் சுருக்கம், ஆகவே குறுகிய இடைவெளிகள் அதற்குப் பொருந்தும்.

இதை நடைமுறையில் பயன்படுத்துவது எளிது. புதிய உருப்படியை எடுத்ததும் வலது கையைத் தொடாமல் இடது கையின் பேஸை (அடிச் சுர வரிசையை) மட்டும் வாசித்து, கூடவே பாடுங்கள். பேஸ் தாவித் தாவிப் போகிறதா, படிப்படியாக நடக்கிறதா, அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்குகிறதா என்று பாருங்கள். அரைச் சுரங்களில் இறங்கும் பேஸ் அந்தக் காலம் முழுவதும் புலம்பலின் அடையாளமாக இருந்தது. பிறகு, உருப்படி ஒரு நடன வகையைச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். சரபாண்ட் என்று போட்டிருந்தால் மூன்று அடிகளில் இரண்டாவது அடிக்குக் கனம் அதிகம். ஜீக் என்றால் துள்ளல். அலமாண்ட், கூராந்த் ஆகியவற்றின் குணம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அங்கே உருப்படியைத்தான் நம்ப வேண்டும்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஜோஹான் செபாஸ்டியன் பாக் இளமையில் எழுதிய ஒரு கப்ரிச்சியோ (பாக் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 992) இந்தப் பயிற்சிக்கு மிகவும் பொருத்தமானது, ஏனென்றால் அன்புச் சகோதரர் ஒருவரின் பயணத்தைப் பற்றிய அந்த உருப்படியின் ஆறு பகுதிகளுக்கும் தலைப்பு எழுதியே வைத்திருக்கிறார். திருநெல்வேலி ஜங்ஷனில் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு ஆள் ஏற்றிவிடப் போன எவருக்கும் அந்த வரிசை புரியும்: முதலில் போகவேண்டாமே என்ற கொஞ்சல், பிறகு அந்நிய ஊரில் என்னென்ன நேருமோ என்ற கவலை, பிறகு எல்லாருமாக ஒரு புலம்பல், பிறகு தடுக்க முடியாது என்று தெரிந்து விடைகொடுத்தல், கடைசியில் வண்டிக்காரனின் பாட்டும் தபால் வண்டி ஊதுகொம்பும். மூன்றாவது பகுதியான புலம்பல் எஃப் மைனரில், இறங்கும் பேஸின் மேல் அமைந்தது. அதில் சில இடங்களில் பாக் பேஸையும் எண்களையும் மட்டும் எழுதிவிட்டு, மேலே உள்ள கார்ட்களை வாசிப்பவரிடமே விட்டிருக்கிறார். எத்தனை சுரங்களால் நிரப்புவது என்பது உங்கள் தீர்மானம். நான் அந்த இடங்களைக் குறைவான சுரங்களோடு தொடங்கி, சுரங்களின் உரசல் (ஒத்துப்போகாத ஒலி) கடுமையாகும் இடத்தில் மட்டும் கூட்டுவதையே விரும்புவேன்.

விரல் எழும் கணம்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிரான பகுதி. ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

சி, டி, ஈ, எஃப், ஜி என்ற ஐந்து சுரங்களை வலது கையின் ஐந்து விரல்களால் மெதுவாக வாசியுங்கள். முதல் முறை ஒவ்வொரு சுரத்தையும் அதன் கால அளவில் பாதியிலேயே விட்டுவிடுங்கள். இரண்டாம் முறை இடைவெளியைக் காதுக்கு அரிதாகவே தெரியும் அளவுக்குக் குறையுங்கள். மூன்றாம் முறை ஒரு சுரம் முடியும் அதே கணத்தில் அடுத்தது தொடங்கட்டும். நான்காம் முறை அடுத்த சுரம் ஒலித்த பிறகும் முந்தைய விரலை எடுக்காமல் சற்று வைத்திருங்கள். விரலின் பலம் நான்கிலும் ஒன்றுதான், ஆனால் முதலாவது குறும்பாகவும் நான்காவது கனமாகவும் ஒலிக்கும். சாதாரண ஓட்டத்துக்கு இரண்டாவதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை உணர்ச்சி கேட்கும் இடங்களில் பயன்படுத்துவதே அந்தக் கால வழக்கத்துக்கு நெருக்கமானது.

அடுத்தது அழுத்தம் தரும் வித்தை. ஒரு சுரம் ஓங்கி ஒலிக்க வேண்டும் என்றால் அதற்கு முந்தைய சுரத்தைச் சற்று முன்னதாகவே விட்டுவிட வேண்டும். அந்தச் சிறு மௌனத்துக்குப் பிறகு வரும் சுரம், உண்மையில் அதே அளவில் ஒலித்தாலும், பெரிதாகக் கேட்கும். பாரின் (தாளக் கட்டத்தின்) முதல் அடிக்கு முன்னால் எழுதாத ஒரு சிறு மூச்சு விடுவது இதனால்தான். சுரம் மெலிந்து ஒலிக்க வேண்டும் என்றால் முந்தைய சுரத்தை அதன் மேல் படரவிட்டு, இந்தச் சுரத்தைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டும். இரண்டு சுரங்களைச் சேர்த்து வளைகோடு போட்டிருக்கும் இடங்களில், அதாவது பெருமூச்சு போல இறங்கும் இணைகளில், முதல் சுரத்தை முழுக்கப் பிடித்து, இரண்டாவதின் மேல் சிறிது படரவிட்டு, இரண்டாவதைக் குறுக்கினால், முதலாவது கனத்தும் இரண்டாவது மெலிந்தும் கேட்கும்.

இனி எல்லாருக்கும் தெரிந்த ஒரு உருப்படியில் இதைப் பார்ப்போம். பாக் 1722இல் தொகுத்த வெல்-டெம்பர்டு கிளேவியர் முதல் தொகுதியின் சி மேஜர் ப்ரெலூட் 35 பார்கள் கொண்டது. ஏறத்தாழ முழுவதும் ஒரே அமைப்பு: இடது கைக்கு இரண்டு சுரம், வலது கைக்கு மூன்று சுரம் இருமுறை, பிறகு அந்தப் பாரின் இரண்டாம் பாதியில் அதுவே மறுபடியும். பாக் இடது கையின் இரண்டு சுரங்களையும் நீட்டிப் பிடிக்கும்படி எழுதியிருக்கிறார். வலது கைச் சுரங்கள் சிறிய அளவுகளாகவே எழுதப்பட்டுள்ளன. அவற்றையும் விரலில் பிடித்து வைப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு பாரிலும் நீங்கள் தீர்மானிக்க வேண்டும்.

முதல் பார் வெறும் சி மேஜர் கார்ட். இரண்டாம் பாரில் பேஸ் அதே சி-யில் நிற்க, அதற்கு அடுத்து டி வந்து அதன் மேல் உரசுகிறது. மூன்றாம் பாரில் பேஸ் பி-க்கு இறங்குகிறது. நான்காம் பாரில் எல்லாம் சி மேஜருக்கே திரும்புகிறது. அமைதி, அசைவு, மேலும் அசைவு, மீண்டும் அமைதி. முதல் பாரில் வலது கைச் சுரங்களைப் பிடிக்காமல் அப்படியே உதிர விடுங்கள். இரண்டாம் பாரில் பேஸின் சி-யையும் டி-யையும் கவனமாகப் பிடித்து, வலது கையின் மூன்று சுரங்களையும் விரலுக்கடியில் தேக்கி வையுங்கள். ஒலி தானாகவே அடர்த்தியாகும். நான்காம் பாரில் திரும்பவும் உதிர விடுங்கள். கேட்பவர் இதை ஒலி கூடிக் குறைந்ததாகவே உணர்வார்.

எட்டாம் பாரில் பேஸில் பி-யும் அதற்கு ஒட்டிய சி-யும் அடுத்தடுத்து வருகின்றன. அரைச் சுர உரசல். இங்கே சி-யை வாசிக்கும் முன் ஒரு நூலளவு தாமதித்து, இரண்டையும் பாரின் பாதி வரை சேர்த்துப் பிடியுங்கள்.

உண்மையான சோதனை 22, 23, 24ஆம் பார்களில்தான். பேஸ் எஃப் ஷார்ப்புக்கு வருகிறது, அங்கிருந்து ஏ ஃபிளாட்டுக்குத் தாவுகிறது, அதன் பிறகே ஜி-யில் வந்து அமர்கிறது. இரண்டு பக்கமும் தொட்டுவிட்டு நடுவில் இறங்கும் இந்த வரிசைதான் உருப்படி முழுவதிலும் மிகக் கூர்மையான வலி. 23ஆம் பாரில் வலது கைக்கு பி, சி, டி என்று ஒட்டி ஒட்டி மூன்று சுரங்கள். அவற்றை எடுக்காமல் பிடித்தால் உரசல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பாரை அவசரப்படுத்தாதீர்கள். 24ஆம் பாரின் ஜி-க்கு முன்னால் எல்லா விரல்களையும் ஒருசேர எடுத்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு ஜி-யை வையுங்கள். சில பழைய பதிப்புகளில் 22க்கும் 23க்கும் நடுவில் ஜி-யைப் பேஸாகக் கொண்ட ஒரு கூடுதல் பார் இருக்கும். அது பாக் எழுதியது அன்று. பிற்காலத்தில் யாரோ 'சரி' செய்து சேர்த்தது. இந்த ப்ரெலூட்டின் மேல் கூனோ அமைத்த ஆவே மரியாவில் அந்தப் பார் இருப்பதால், கல்யாண ஆராதனையில் அதை வாசித்துப் பழகியவர்களின் கை தானாகவே அங்கே போகும். அந்தப் பார் நடுவில் வந்தால் தாவல் போய்விடும், தாவல் போனால் வலியும் போய்விடும். உங்கள் புத்தகத்தில் மொத்தம் 36 பார்கள் இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

24 முதல் 31 வரை எட்டுப் பார்களுக்குப் பேஸ் ஜி-யிலேயே நிற்கிறது. இங்கே செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஜி-யைப் பிடித்துக்கொண்டு மேலே உள்ளவற்றைச் சீராக ஓடவிட்டால் போதும்; ஒவ்வொரு பாரிலும் ஏதாவது செய்யத் துடிப்பது அரைகுறைப் பயிற்சியின் அடையாளம்.

தாமதம், அலங்காரம், கார்ட்

பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்ரான் 1716இல் வெளியிட்ட ஹார்ப்சிகார்டு வாசிப்பு நூலில் இரண்டு உத்திகளைத் தெளிவாகச் சொல்கிறார். ஒன்று, சுரத்தை அதன் அளவு முடியும் முன்பே வெட்டிவிடுவது. மற்றொன்று, சுரத்தை அதன் இடத்தில் வைக்காமல் ஒரு சிறு மௌனத்துக்குப் பின் தாமதித்து வைப்பது. வில் கருவிகள் ஒலியைப் பெருக்கிக் காட்டும் இடங்களில், ஹார்ப்சிகார்டில் இந்தத் தாமதம் அதே விளைவைக் காதுக்குத் தருகிறது என்பது அவர் கருத்து. மென்மையும் மந்தமும் உள்ள உருப்படிகளில்தான் தாமதம் பொருந்தும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்கிறார்.

தாமதிக்கும்போது இடது கை அசையக் கூடாது. பேஸ் தன் அடியில் சரியாக விழ வேண்டும். வலது கை மட்டும் பின்தங்க வேண்டும். தாளத்தைக் கையால் போட்டுக்கொண்டே எடுப்பைத் தள்ளிப் பாடத் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இரண்டு கையும் சேர்ந்து தாமதித்தால் அது உணர்ச்சியாகக் கேட்காது, தடுமாற்றமாகத்தான் கேட்கும். ஒரு வரிக்கு ஓரிடத்தில் தாமதித்தால் போதும். பழக, பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோவின் 1724ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள லே தான்ட்ர் ப்ளான்த் என்ற டி மைனர் உருப்படி நல்லது, கைக்கும் அவ்வளவு கடினம் இல்லை.

அலங்காரங்களில் முதலில் கைவசமாக வேண்டியது அப்போஜியாத்தூரா. அது அடியின் மேல் விழும் உரசல் சுரம். அதன் பின்னரே உரிய சுரம் வந்து உரசலை அடக்குகிறது. பாக்கின் மகன் கார்ல் பிலிப் இம்மானுவேல் 1753இல் வெளியிட்ட நூலில், பொதுவாக அது அடுத்த சுரத்தின் பாதி அளவையும், மூன்றாகப் பிரியும் சுரமானால் மூன்றில் இரண்டு பங்கையும் எடுத்துக்கொள்ளும் என்கிறார். நம் மாணவர்கள் பலர் இதைச் சொடுக்கி விடுவது போல அவசரமாக வாசித்துக் கடந்துவிடுகிறார்கள். உரசலை நீட்டி, அடங்கும் சுரத்தின் மேல் சற்றே படரவிட்டு, அடங்கும் சுரத்தைக் குறுக்கி வாசித்தால் அந்த ஒரு இடமே வரி முழுவதற்கும் உயிர் கொடுக்கும். டிரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) என்றால் பொதுவாக மேல் சுரத்திலிருந்து தொடங்க வேண்டும். துயரமான இடத்தில் மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டலாம், உற்சாகமான இடத்தில் தொடக்கத்திலிருந்தே சீரான வேகம் போதும்.

கார்ட்களை ஒரே நேரத்தில் தட்டினால் ஹார்ப்சிகார்டு முரட்டுத்தனமாக ஒலிக்கும். அது வேண்டிய இடமும் உண்டு. பெரும்பாலான இடங்களில் பேஸிலிருந்து மேல் நோக்கி விரித்து வாசிப்பதே வழக்கம். விரிக்கும் வேகம்தான் உணர்ச்சியைத் தீர்மானிக்கிறது. மெதுவாக விரியும் கார்ட் மென்மையாகவும், விருட்டென்று விரிவது கம்பீரமாகவும் கேட்கும். ஜெர்மானியப் புல்லாங்குழல் வாசிப்பாளர் க்வான்ட்ஸ் 1752இல் எழுதிய புல்லாங்குழல் நூலில் உடன்வாசிப்பவர்களுக்காக உரசல்களை மூன்று தரமாகப் பிரித்து, உரசல் கடுமையாக ஆக ஒலியும் கூட வேண்டும் என்கிறார். ஹார்ப்சிகார்டில் அந்தக் கூடுதலைச் சேர்த்து வாசிக்கும் சுரங்களின் எண்ணிக்கையால் காட்டலாம்: சாந்தமான கார்ட்டுக்கு மூன்று சுரம் என்றால், கடும் உரசலுக்கு ஆறோ ஏழோ.

பிரெஞ்சு உருப்படிகளில் படிப்படியாக நகரும் சம அளவுச் சுரங்களை நெடில், குறில் என்று சமமின்றி வாசிக்கும் வழக்கம் உண்டு. அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும் என்பதால் விட்டுவிடுகிறேன். ஹார்ப்சிகார்டுகள் சிலவற்றில் உள்ள இரண்டு வரிசைக் கட்டைகளை மாற்றி ஒலியளவை மாற்றுவது பாக்கின் இத்தாலியன் கான்செர்ட்டோ போல இசையமைப்பாளரே குறித்த உருப்படிகளில் மட்டும் போதும்; வரிக்கு வரி பட்டனை அழுத்தி ஒலி மாற்றுபவர் விரலால் செய்ய வேண்டியதைக் கருவியிடம் ஒப்படைக்கிறார்.

தாளம் கட்டாத இடங்கள்

ரோமில் 1615இல் வெளிவந்த டொக்காட்டா (கட்டற்ற நடையில் அமைந்த கட்டைக் கருவி உருப்படி) தொகுப்பின் முன்னுரையில் இத்தாலிய இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டி, இந்த இசையைச் சீரான அடிக்குக் கட்டுப்படுத்தாமல், பாடல்களில் சொற்பொருளுக்கு ஏற்பச் செய்வது போல ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும், சில நேரம் அந்தரத்தில் நிறுத்தியும் வாசிக்க வேண்டும் என்கிறார். தொடக்கத்தை மெதுவாக, கார்ட்களை விரித்து வாசிக்கச் சொல்கிறார். பிரான்சுவாவுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த லூயி கூப்ரானின் ப்ரெலூட்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. அவற்றில் சுரங்களுக்குக் கால அளவே எழுதப்படவில்லை, சேர்த்துப் பிடிக்க வேண்டியவற்றை நீண்ட வளைகோடுகளே காட்டுகின்றன.

பியானோ மட்டும் பழகியவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மலைத்துப்போவார்கள். காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகசுர ஆலாபனையைக் கோயில் கொடையின் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவர்கள் மலைக்க வேண்டியதில்லை. ஆலாபனைக்குத் தாளம் இல்லை, ஆனால் எந்தச் சுரத்தில் நிற்பது, எதைத் தொட்டுவிட்டுக் கடப்பது என்ற கணக்கு உண்டு. இந்த ப்ரெலூட்டிலும் அப்படியே: முதலில் பேஸ் சுரங்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, அவற்றுக்குரிய கார்ட்களை வரிசையாக வாசித்து, எங்கே உரசல், எங்கே அடக்கம் என்று கண்டுபிடியுங்கள். நிற்க வேண்டிய சுரங்கள் அவை. மற்றவை அவற்றை நோக்கி ஓடுபவை.

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஃப்ரோபெர்கர், தன் நண்பரும் லூட் (மீட்டி வாசிக்கும் கம்பிக் கருவி) வாசிப்பாளருமான ப்ளாங்க்ரோஷே 1652இல் பாரிஸில் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தபோது எழுதிய இரங்கல் உருப்படியையும் அளவு எதையும் கவனிக்காமல், மிக மெதுவாக, தன் விருப்பப்படி வாசிக்கும்படி குறிப்பு உண்டு. அது படியிறங்கும் ஒரு நீண்ட சுர வரிசையில் முடிகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: சாவு வீட்டு ஒப்பாரியின் உணர்ச்சியை இதில் கொண்டுவந்து ஏற்றக் கூடாது. ஒப்பாரி துயரத்தை ஊரறியக் கொட்டித் தீர்ப்பது. இந்த இரங்கல் இசை துயரத்தை அடக்கி வைத்துக்கொண்டு பேசுவது. கடைசி இறங்கு வரிசையை மேலும் மேலும் தாமதித்து வாசிக்கத் தோன்றும். ஏறத்தாழ ஒரே நடையில் இறங்கிக் கடைசிச் சுரத்தை மட்டும் நீட்டுவதுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

பதிவும் அறையும்

வாசித்ததை செல்ஃபோனில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கண்ணை மூடிக் கேளுங்கள். வாசிக்கும்போது தோளும் தலையும் அசைவதால் உணர்ச்சி வந்துவிட்டது என்று நமக்கு நாமே நம்பிக்கொள்கிறோம். பதிவில் தோள் அசைவது தெரியாது. கேட்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: எந்தச் சுரம் முக்கியம் என்று நான் நினைத்தேனோ அது கேட்பவருக்கும் முக்கியமாகத் தெரிகிறதா? தெரியாவிட்டால் அதற்கு முந்தைய சுரத்தின் முடிவைத் திருத்துங்கள். கார்ல் பிலிப் இம்மானுவேல் பாக் வாசிப்பவர் தானே நெகிழாமல் பிறரை நெகிழவைக்க முடியாது என்று எழுதியது உண்மைதான். அந்த நெகிழ்ச்சி விரலுக்கு வந்து சேர்ந்ததா என்பதைப் பதிவுதான் காட்டும்.

அறைக்கு அறை வாசிப்பும் மாற வேண்டும். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள சிறிய அறையில் சுரம் உடனே செத்துவிடும். அங்கே விரல்களை அதிகம் தேக்கி வைக்கலாம். மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயம் போன்ற உயர்ந்த கூரையின்கீழ் வாசிக்க நேர்ந்தால், கட்டடமே சுரத்தை நீட்டித் தரும். அங்கே அதே தேக்கம் எல்லாவற்றையும் கலக்கிக் குழப்பிவிடும். இடைவெளிகளை அகட்டி, வேகத்தையும் ஒரு படி குறைத்து, தாமதங்களை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வந்து அமர்ந்த பிறகு ஒலி சற்று வறண்டுபோகும் என்பதால், காலி ஆலயத்தில் பார்த்த ஒத்திகையை முழுக்க நம்ப வேண்டாம்.

கிரேடு தேர்வுக்காகத் திரும்பவும் பியானோவுக்குப் போகும்போது, சுரங்களின் தொடக்கத்தையும் முடிவையும் இங்கே தீர்மானித்தபடியே வைத்துக்கொண்டு, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கடைசி வாரத்தில் மட்டும் சேர்த்தால் போதும்.